நான்கு வரிகள் ரத்து

ஒரு படத்தைப் பார்க்காமலேயே அதில் என்னென்ன தவறு என்று கண்டுபிடிப்பதற்காக நாற்பத்திரண்டு பேர் வேலை பார்க்கும் கட்டடம் அது. பழம்பட மறுசான்று வாரியம் என்று பெயர். நாற்பது வயதைத் தாண்டிய எந்தப் படத்தையும் அங்கே கொண்டுபோய் மறுபடி ஒரு சான்று வாங்காமல் திரையில் ஓட்டக் கூடாது. ஒரு தடவை சான்று வாங்கிய படம்தானே, அதற்குள் அது மாறிவிட்டதா என்று யாரோ ஒருமுறை கேட்டார்களாம். "படம் மாறலை சார், அரசாங்கம் மாறியிருக்குல்ல" என்று பதில் வந்ததாம். கேட்டவர் அதற்குப் பிறகு படமே பார்ப்பதில்லை.

அந்தக் கட்டடத்துக்குள் ஆபரேட்டர் காலெடுத்து வைத்ததற்குக் காரணம் ஓர் எலி. அவர் பழைய கொட்டகை ஒன்றில் முப்பது வருஷமாகப் படம் ஓட்டுகிறவர். திரைக்குப் பின்னால் எலி செத்த நாற்றம் வருகிறதென்று தேடப் போனார். எலி கிடைக்கவில்லை. எட்டுத் தகரப் பெட்டிகள் கிடைத்தன. மூடியில் தூசியைத் தட்டியபோது 'தும்மல் மகாராஜா' என்று எழுத்துகள் தெரிந்தன. ஆபரேட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய அத்தை நடித்த படம்.

நடித்த படம் என்றால், அத்தை அதில் கதாநாயகி இல்லை. கதாநாயகியின் தோழியும் இல்லை. ராஜா தும்மும்போதெல்லாம் கைக்குட்டையைத் தட்டில் வைத்து நீட்டுகிற பணிப்பெண். பத்தொன்பது வயது. படம் முழுக்கத் தட்டோடு நின்றுவிட்டு, ஒரே ஒரு பாட்டில் ஒரே ஒரு வரி பாடுவார். படம் மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் அன்றைய அரசாங்கம் தடை போட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. எப்போது திருப்பித் தந்தது, யார் கொட்டகையில் கொண்டுவந்து போட்டது என்று எவருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஐந்தாம் நாள் பார்க்கலாம் என்று இருந்தவர்கள். ஆக, அத்தை நடித்ததைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள்கூடக் குடும்பத்தில் கிடையாது.

விடுவார்களா? 'ஒத்தவரி' என்று பெயர் வைத்தார்கள். அத்தைக்கு எண்பத்திரண்டு வயதான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவருடைய தம்பி, அதாவது ஆபரேட்டரின் சித்தப்பா, நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"அக்கா, முழு நீளப் படத்துல நீ பாடின முழு நீள வரியைக் கொஞ்சம் எடுத்து விடேன். கேட்டுட்டுக் கண்ணை மூடுறேன்."

"படம் வரட்டும்டா. அப்பக் கேளு. அதுவரைக்கும் கண்ணைத் திறந்தே வச்சிரு" என்பார் அத்தை. அறுபத்துமூன்று வருஷமாக அந்த வரியை அவர் யாரிடமும் பாடிக் காட்டியதில்லை. அப்படி ஒரு வரியே இல்லை, அதனால்தான் பாடவில்லை என்பது சித்தப்பாவின் கட்சி.

எட்டுப் பெட்டிகள் கிடைத்த செய்தியைச் சொன்னதும் அத்தை எழுந்துவிட்டார். உள்ளே போய்த் தன் துணிப்பெட்டியைக் குடைந்து, மடங்கிப்போன பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அந்தக் காலத்தில் படத்தோடு விற்ற புத்தகம். அதில் ஒரு பக்கம் மட்டும் மடித்துக் குண்டூசி குத்தியிருந்தது.

"இதை நீ பிரிக்கக் கூடாது. திரையில வரும்போது கேட்டுக்கோ. அந்தத் தடியனையும் முன்வரிசையில உட்கார வச்சுடு. எனக்கு அது போதும்டா" என்றார். ஆபரேட்டர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். எப்பாடு பட்டாவது படத்தை ஓட்டுவது, அத்தை வரியை ஊர் கேட்பது. பாவம், வாரியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் மேசையில் இருந்த எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன படம்?" என்றார்.

"பாட்டுப் படம் சார். சிரிப்புப் படம். ஒரு ராஜா இருக்கார். அவர் தும்மினா அதுதான் சட்டம். ஒரு தும்மல்னா போர், ரெண்டு தும்மல்னா சமாதானம், மூணுன்னா புது வரி. அவர் தும்மினதுக்கு என்ன அர்த்தம்னு மந்திரி எடுத்துச் சொல்லுவார்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "ராஜாவா? அப்ப அரசர் படிவம் தனியா இருக்கு. ராஜா உயிரோட இருக்காரா?"

"கற்பனை ராஜா சார்."

"கற்பனைன்னு யார் சொன்னா?"

"கதை சார் அது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியணுமே." எழுத்தர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை உருவினார். "'இப்படத்தில் வரும் முட்டாள் அரசர் நான்தான் என்று கருதுவோர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்'னு பத்திரிகையில அறிவிப்பு குடுங்க. யாரும் வரலைன்னா கற்பனைன்னு எடுத்துக்கலாம்."

அறிவிப்பு வந்தது. எவன் வருவான் என்று ஆபரேட்டர் நினைத்தார். ஏழு கடிதங்கள் வந்தன. ஆறு பேர், அந்த முட்டாள் ராஜா நான்தான், என் மனம் புண்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் புகைப்படமும் இணைத்திருந்தார்கள். ஏழாவது கடிதம் ஒரு முன்னாள் மந்திரியிடமிருந்து. முப்பது வருஷமாகப் பொது வாழ்க்கையில் இருக்கும் என் சாயல் அந்த ராஜாவிடம் துளியும் இல்லையாமே, திட்டமிட்டே என்னை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அவர் கொதித்திருந்தார். ஏழு கடிதங்களையும் கோப்பில் சேர்த்துக் கட்டினார்கள். எட்டுப் பெட்டிகளையும் வாங்கி, அரக்கு முத்திரை வைத்து, ஓர் அறையில் போட்டுப் பூட்டினார்கள். சான்று கிடைத்த பிறகுதான் முத்திரை உடைபடும் என்றார்கள்.

"அப்ப நீங்க படத்தை எப்ப சார் பார்ப்பீங்க?" என்று ஆபரேட்டர் கேட்டார்.

எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்தை யார் குடிப்பது என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை. "அதைத் தலைவர்கிட்டயே கேளுங்க. கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கு."

கூட்டம் நீளமான மேசை ஒன்றைச் சுற்றி நடந்தது. ஆறு உறுப்பினர்கள், ஆறு தண்ணீர்க் குவளைகள், நடுவில் தலைவர். ஓரத்தில் ஒரு மர நாற்காலி ஆபரேட்டருக்கு. அதன் ஒரு கால் குட்டை. அவர் மூச்சு விட்டால்கூட அது டக்கென்று ஆடியது. டக்கென்ற ஒவ்வொரு தடவையும் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் முடிந்த வரை மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விண்ணப்பதாரர் ஒரு கேள்வி கேட்டிருக்கார். படத்தை எப்ப பார்ப்பீங்கன்னு. நல்ல கேள்வி. தெரியாமக் கேட்டது, தப்பில்லை. நான் பதினொரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு படம் பார்த்ததில்லை. ஏன்? பார்த்தா பிடிச்சுப்போகும். பிடிச்சுப்போச்சுன்னா சான்று குடுத்துடுவோம். எல்லாப் படத்துக்கும் சான்று குடுத்துட்டா வாரியம் எதுக்கு? நாற்பத்திரண்டு குடும்பம் எங்கே போகும்? பார்த்தவன் எப்படிங்க நடுநிலையா இருக்க முடியும்?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

"அதனால நாங்க பாட்டுப் புத்தகத்தை மட்டும் பார்ப்போம். அதுவும் ஒருத்தர் படிப்பார், மத்தவங்க கேட்போம்."

ஆபரேட்டர் விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த புத்தகம் வந்தது. குண்டூசியைக் கழற்றினார்கள். ஆபரேட்டர் அவசரமாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தைக்குக் கொடுத்த வாக்கு. நாற்காலி டக்கென்றது.

தலைவர் இரங்கல் தீர்மானம் படிக்கிற குரலில் படித்தார்: "தும்மினால் ஒரு வரி. அதைத் துடைத்தால் மறு வரி. மூக்கோடு முகம் இருந்தால் முகவரி."

ஆறு பேரும் ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்தார்கள்.

"தும்மல்னு வருது" என்றார் ஓர் உறுப்பினர். "நம்ம வரித்துறை அமைச்சருக்குத் தூசி ஒத்துக்காது. போன வாரம் திறப்பு விழாவுல ஒன்பது தடவை தும்மினார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"படம் எடுத்தப்ப அமைச்சர் பிறக்கவே இல்லையே?" என்றார் இன்னொருவர்.

"அதுதான் எனக்கும் பயமா இருக்கு. பிறக்கிறதுக்கு முன்னாடியே கிண்டல் பண்ணியிருக்காங்கன்னா எவ்வளவு பெரிய சதி!"

ஆபரேட்டருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சார், இப்ப ராஜாவே இல்லையே. ராஜாவைக் கிண்டல் பண்ணா உங்களுக்கு எதுக்கு வலிக்குது?"

"அதைத்தான் நாங்களும் விசாரிச்சுட்டிருக்கோம்" என்றார் தலைவர் மிகவும் உண்மையாக.

பிறகு நான்காவது வரிக்கு வந்தார். வாயைத் திறந்தவர், படிக்காமல் மூடிக்கொண்டார். புத்தகத்தின்மேல் கையை வைத்து மறைத்தபடி அடுத்த உறுப்பினரிடம் நகர்த்தினார். அவர் படித்தார், கதவைப் பார்த்தார், அடுத்தவரிடம் நகர்த்தினார். ஆறு பேரையும் சுற்றிவிட்டுப் புத்தகம் திரும்பி வந்தபோது குவளைகளில் தண்ணீர் இல்லை.

"இது பணிப்பெண் பாடுற வரியா?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார். எங்க அத்தை."

"உங்க அத்தைமேல எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லை" என்றார் தலைவர். "நாலு வரியையும் நீக்கிடுங்க. மத்தபடி அருமையான படம்."

ஆபரேட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சார், சார், மூணை வேணும்னா வெட்டிக்குங்க. அந்த நாலாவது மட்டும் வேண்டாம் சார். அத்தைக்கு மொத்த வாழ்க்கையிலயும் அது ஒண்ணுதான் சார் வரி."

"உத்தரவு தபால்ல வரும்" என்றார் தலைவர்.

அந்த உத்தரவு எப்படி எழுதப்பட்டது என்பதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்சேபகரமான வரியை முழுசாகக் கோப்பில் எழுத மாட்டார்கள். எழுதினால் கோப்பே ஆட்சேபகரமாகிவிடும், பிறகு கோப்புக்கும் சான்று வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொற்களை மட்டும் குறிப்பார்கள். படத்தின் பெயரையும் எழுத மாட்டார்கள், அதற்குக் கோப்பு எண் இருக்கிறது. இப்படியாக டைப்பிஸ்ட் கையிலிருந்து வெளிவந்த உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்:

'பொருள்: வரி நீக்கம். கீழ்க்காணும் நான்கு வரிகளும் உடனடியாக நீக்கப்படுகின்றன. 1. ஒரு வரி. 2. மறு வரி. 3. முகவரி. 4. சொந்த வரி.'

கீழே தலைவர் கையெழுத்து, சிவப்பு முத்திரை.

தபால் பிரிவில் இருந்தவர் அதைப் படித்தார். வரி நீக்கம். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம், நம்ம ஆட்கள் ஏதோ தவறுதலாக வைத்திருக்கிறார்கள் என்று வரித்துறைக்கு அனுப்பிவைத்தார். வரித்துறையில், மேலிடத்திலிருந்து முத்திரையோடு வந்த காகிதத்தில் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. மறுநாள் அரசிதழில் ஏறிவிட்டது. அன்று மாலைப் பத்திரிகையில் உள்ளங்கை அகல எழுத்தில்: 'நான்கு வரிகள் ரத்து! அரசு அதிரடி!'

ஊர் திமிலோகப்பட்டது. 'ஒரு வரி' ரத்து என்றிருந்ததே, எந்த ஒரு வரி என்று சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தான் கட்டுகிற வரிதான் அது என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். 'மறு வரி' என்றதும், உடம்பில் மறு இருப்பவர்களுக்கு இத்தனை நாளாக ஒரு வரி இருந்திருக்கிறது, நமக்குத் தெரியாமலே பிடித்திருக்கிறார்கள் என்று கன்னத்தில் மறு உள்ள ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண்ணீர் விட்டார். 'சொந்த வரி'யில்தான் சச்சரவு. சொந்த வீட்டுக்கான வரி என்றார்கள் வீட்டுக்காரர்கள். சொந்தக்காரர்கள்மேல் இருந்த வரி என்றார்கள் அமைச்சர்களின் மைத்துனர்கள். அவர்கள் அன்றைக்கே ஆளுக்கொரு மாலையோடு அமைச்சர் வீட்டுக்கு நன்றி சொல்லப் போய்விட்டார்கள்.

மூன்றாவதுதான் தொந்தரவு. தபால் நிலையத்தில் அரசிதழைப் படித்துவிட்டு, முகவரி நீக்கப்பட்டதால் இனி முகவரி எழுதிய கடிதங்களை ஏற்பதற்கில்லை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"ஆபரேட்டர் சார், எல்லாரும் வெறும் பேரை மட்டும் எழுதிப் போடுறாங்க. 'பெரியம்மா'ன்னு மட்டும் எழுதி முப்பது கடிதம் வந்திருக்கு. இந்த ஊர்ல பெரியம்மா இல்லாத வீடு எது? நான் எந்தக் கதவைத் தட்டுறது?"

அரசிதழை அப்போதுதான் ஆபரேட்டர் பார்த்தார். ஒரு வரி, மறு வரி, முகவரி, சொந்த வரி. இரண்டு தடவை படித்தார். விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குழப்பத்துக்கெல்லாம் தன்னைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று நினைத்தார். வாரியத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, துணைக்கு அத்தையை அழைத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால், அத்தைதான் அவரை அழைத்துக்கொண்டு போனார்.

தலைவர் அறைக் கதவைத் தானே சாத்தினார். முகம் வெளுத்திருந்தது. "டீ சாப்பிடுறீங்களா? வாங்கம்மா, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும்." பிறகு ஆபரேட்டர் பக்கம் குனிந்தார். "தம்பி, உங்க படத்துல வரி ஏதாவது இருக்கா?"

"நாலு இருக்கு சார். நீக்கச் சொன்னீங்களே."

"நாங்களா? நாங்க நீக்கினது நாட்டுல இருந்த வரியைங்க! ஜனங்க கொண்டாடுறாங்க. அமைச்சருக்கு மாலை போட்டுக் கழுத்தே தெரியலை. இப்பப் போய் அது படத்துல வர்ற வரின்னு சொன்னா, நாட்டுல ஒரு வரியும் நீக்கலைன்னு ஆயிடும். அமைச்சர் என் கழுத்தைத் தேடுவார்."

அத்தை டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப படத்துல வரி இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

"இல்லை. இல்லவே இல்லைம்மா."

"இல்லாததை வெட்ட முடியுமா?"

"எப்படிம்மா வெட்டுறது?"

"அப்ப வெட்டு ஒண்ணும் இல்லாம சான்று எழுதிக் குடுங்க."

தலைவர் எழுதினார். எழுதும்போதே அவருக்கு உயிர் வந்துவிட்டது. முத்திரை வைத்த கையோடு, "ஒரு சின்ன வேண்டுகோள். படம் போடுற அன்னைக்கு அமைச்சர் வந்து வரி நீக்கத்தைப் பத்திப் பேசுவார். அவருக்கும் ஒரு கூட்டம் வேணும், உங்களுக்கும் ஒரு கூட்டம் வேணும். பேச்சை நான்தான் எழுதுறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. வாரியத்து வண்டி பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது மணி பதினொன்று. ஆபரேட்டர் முத்திரைகளை உடைத்து, ஒவ்வொரு சுருளாக எடுத்து, கையால் சுற்றி, விரலால் ஓரங்களைத் தடவிச் சரிபார்த்தார். நல்ல பிரதி. கிழிசல் இல்லை. ஐந்தாவது சுருளில் வரிப் பாட்டு வந்தது. படச்சுருளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பெரிய கிரீடம் கண்வரை இறங்கிய ராஜா. பக்கத்தில் தட்டோடு ஒரு பெண். அடுத்த கட்டத்தில் அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள். அவருடைய அத்தைதான். அதே மூக்கு.

அவர் விரல் எதிலோ தட்டியது. ஒட்டு. சுருளை வெட்டிச் சேர்த்த, பழுத்துப்போன பழைய ஒட்டு. அதற்கு அடுத்த கட்டத்தில் பெண் வாயை மூடுகிறாள்.

ஆபரேட்டர் மறுபடியும் பார்த்தார். இடையில் ஒன்றும் இல்லை. அறுபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், அன்றைய அரசாங்கத்தின் கத்தரிக்கோல் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டது. பெட்டியில் இல்லாத வரிக்காகத்தான் இத்தனை கூட்டம், இத்தனை படிவம், இத்தனை அரக்கு. யாராவது ஒரே ஒரு தடவை படத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

படியிறங்கிக் கீழே போனார். முன்வரிசையில் அத்தை புதுத் துணி உடுத்திக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சித்தப்பா, அவருக்குப் பக்கத்தில் சொந்தம் முழுக்க. அத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்னடா, எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் மேலே ஓடிப்போய் அழுதார்.

அமைச்சர் பன்னிரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஒன்றரை ஆகியும் வரவில்லை. கூட்டம் சீட்டைத் தட்ட ஆரம்பித்ததும் படத்தைப் போட்டார்கள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. இரண்டு படைகள் எதிரெதிரே நின்று போர்ப்பாட்டுப் பாடுகின்றன. பாட்டு நன்றாக இருந்ததால் எதிரிப் படையும் சேர்ந்து பாடுகிறது, முடிவில் யார் எந்தப் பக்கம் என்பது இரண்டு தளபதிகளுக்கும் மறந்துபோகிறது. கிரீடம் கண்ணை மறைப்பதால் ராஜாவுக்கு முன்னால் ஓர் ஆள் மணியடித்துக்கொண்டு நடக்கிறான். பிறகு ராஜா மூன்று தடவை தும்மினார். மந்திரி ஓர் ஓலையை எழுதி ராஜா கையில் கொடுத்தார். ராஜா அதைப் பார்த்துப் படித்துப் பாடினார்.

தும்மினால் ஒரு வரி! அதைத் துடைத்தால் மறு வரி! மூக்கோடு முகம் இருந்தால் முகவரி!

பணிப்பெண் வாயைத் திறந்தாள். திரை ஒரு குலுக்குக் குலுங்கியது. பணிப்பெண் வாயை மூடினாள். திரையில் நாற்பது பேர் ஆட ஆரம்பித்தார்கள்.

"என்னக்கா!" சித்தப்பாவின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "வாயைத் திறந்தே, மூடினே. வரி எங்கே? கொட்டாவி விட்டதைத்தான் இத்தனை வருஷமா பாட்டுன்னு சொல்லிட்டிருந்தியா?"

சொந்தம் முழுக்கச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சின்னச் சதுரத் துவாரத்தின் வழியாக ஆபரேட்டர் அவருடைய பின்தலையைப் பார்த்தார். அது அசையவே இல்லை.

அதே நேரத்தில் வாசல் கதவு திறந்தது. அமைச்சர் வந்துவிட்டார். தலைவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று மேலே சைகை காட்டினார். ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்தினார். நிறுத்தினால் கொஞ்ச தூரம் பின்னால் சுற்றி வைப்பது அவருக்கு வழக்கம், இல்லாவிட்டால் மறுபடி போடும்போது ஜனங்களுக்குத் தொடர்ச்சி தெரியாது. கை தன்பாட்டுக்குச் சுற்றியது. விரலில் ஒட்டு தட்டியது. அங்கேயே நிறுத்தினார்.

அமைச்சர் திரைக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நான் இரவு பகலாகச் சிந்தித்து," என்று காகிதத்தைப் பார்த்தார், "சிந்தித்து, நான்கு வரிகளை நீக்கினேன். ஒரு வரியை நீக்கினேன். எந்த வரி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அது ஒரு வரி. மறு வரியை நீக்கினேன். முகவரியை நீக்கினேன். இனி இந்த நாட்டில் யாருக்கும் முகவரி இருக்காது!"

மைத்துனர்கள் கைதட்டினார்கள்.

"நான்காவதாக, சொந்த வரி. சொந்த வரி என்றால் என்ன? சிலர் விஷமத்தனமாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த மேடையில் என் பதில் இதுதான். சொந்த வரி என்றால்..."

பக்கம் முடிந்துவிட்டது. புரட்டினார். பின்பக்கம் காலி. ஓரத்தில் நின்ற தலைவரைப் பார்த்தார். சொந்த வரி என்றால் என்னவென்று தலைவருக்கும் தெரியாது, எழுதும்போது அந்த இடத்தை விட்டுவைத்திருந்தார். அமைச்சர் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "சொந்த வரி என்றால்..." என்றார் மறுபடியும்.

முன்வரிசையில் அத்தை எழுந்து நின்றார். கைப்பையைத் தம்பி மடியில் போட்டார். எண்பத்திரண்டு வயதுக் குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சுருதி பிசகவில்லை.

"எழுதித் தந்ததைப் படிக்கும் ராஜா,
இதிலே எதுதான் உம் சொந்த வரி?"

கடைசிச் சொல்லில் ஆபரேட்டரின் கை விசையைத் தட்டியது. அமைச்சரின் தலைக்கு மேலே, திரையில், பத்தொன்பது வயதுப் பெண் அப்போதுதான் பாடி முடித்தவள்போல வாயை மூடிச் சிரித்தாள். மேளம் முழங்கியது. நாற்பது பேர் ஆடினார்கள். நாலைந்து பேர் அமைச்சரின் வெள்ளைச் சட்டையிலும் ஆடினார்கள்.

கொட்டகை எழுந்து நின்று கத்தியது. கைதட்டல் நிற்கவே இல்லை. எல்லோரும் தட்டுவதைப் பார்த்த அமைச்சர், தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு மூக்கைச் சுருக்கினார். திரையின் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை தும்மினார். அதற்குமேல் படத்தை ஓட்டிப் பிரயோஜனம் இல்லை. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தப்பா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். "அக்கா, இன்னொரு தரம் பாடேன்" என்றார்.

"மூடுடா. ஒரு வரிதான்" என்றார் அத்தை.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் வீடு தேடி வந்தார். வாரியத்தின் சிவப்பு முத்திரை வைத்த உறை. முகவரி கிடையாது, நீக்கியாகிவிட்டதே. மேலே 'ஒத்தவரி' என்று ஒரு சொல் மட்டும் இருந்தது.

"பெரியம்மா கடிதம் முப்பதும் இன்னும் பையிலதான் கிடக்கு. இதை மட்டும் நான் யாரையும் கேட்கவே இல்லை, நேரா வந்துட்டேன்" என்றார் தபால்காரர்.

ஆபரேட்டர் பிரித்து உரக்கப் படித்தார். 'தாங்கள் கடந்த ஞாயிறன்று பாடிய வரி, சான்று பெற்ற பிரதியில் இடம்பெறவில்லை என்பது பின்னர் தெரியவந்துள்ளது. இல்லாத வரியை எந்த விதியின் கீழ்ப் பாடினீர்கள் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க அத்தை, நான் எழுதுறேன். கொஞ்சம் பணிவா எழுதிடலாம். 'மதிப்புக்குரிய ஐயா'ன்னு ஆரம்பிக்கட்டுமா?"

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"பேனாவை இங்கே குடுடா. என் சொந்த வரியா இருக்கட்டும்."